புயலுக்கு இடம் எது, வலம் எது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் என்றொரு சிற்றூர் உள்ளது. ஊரை ஒட்டி ஒரு பாறைக் குன்று. குன்றின் மேல் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட கோயிலும், பாறையில் வெட்டிய மிகத் தொன்மையான கீறல் உருவங்களும், சிதைந்த கோட்டைச் சுவர்களும் உண்டு. குன்றின் மீது நின்று கிழக்கே பாருங்கள். வயல்களையும் ஏரிகளையும் தாண்டி, நிலம் கடலை நோக்கிச் சரிந்து செல்வது தெரியும். அந்தச் சரிவின் எல்லையில்தான் மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தெற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பெருவெளி. அப்பால் வங்கக் கடல்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இப்பகுதி மக்கள் வானொலியையும் தொலைக்காட்சியையும் ஆவலுடன் கவனிப்பார்கள். "புயல் இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே கரையைக் கடக்கும்" என்பது அறிவிப்பு. உடனே நாம் கேட்பது, "நமக்கும் அதற்கும் எவ்வளவு தொலைவு?" என்பதுதான். ஆனால் இதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: "நாம் புயலுக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறோம்?" இடமா, வலமா? ஒரே புயல், ஒரே தொலைவு. எனினும் ஒரு பக்கத்தில் கடல் ஊருக்குள் ஏறும், மறு பக்கத்தில் கடல் பின்வாங்கும். இந்த உண்மையை மனிதன் எளிதில் கண்டுகொள்ளவில்லை. அதைக் கற்றுக்கொடுத்த புயல்களில் சில நமது கடற்கரையில் அடித்தவையே. அவற்றுள் ஒன்றின் கதை பெருமுக்கல் குன்றிலிருந்து தொடங்குகிறது.

மூழ்கிய கப்பல்கள்

1760 ஜனவரியில் வந்தவாசியில் நடந்த போரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. வெற்றி பெற்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரரின் தலைநகரான பாண்டிச்சேரியை நோக்கி நகர்ந்தார். வழியில் இருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அவற்றுள் பெருமுக்கல் குன்றுக் கோட்டையும் ஒன்று. அங்கு நடந்த தாக்குதலில் அவரே காயமுற்றார் என்று வரலாறு கூறுகிறது. அவ்வாண்டு முடிவதற்குள் பாண்டிச்சேரி நிலத்தில் படையாலும் கடலில் கப்பல்களாலும் முற்றுகையிடப்பட்டது.

அக்காலத்து மாலுமிகளுக்கு ஒன்று தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சோழமண்டலக் கடற்கரையில் கப்பலை நிறுத்துவது ஆபத்து. ஆகவே வடகிழக்குப் பருவக் காற்று தொடங்கும்போதே கப்பற்படைகள் வேறு துறைமுகங்களுக்குப் போய்விடுவது வழக்கம். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன்சும் பெரும்பாலான கப்பல்களுடன் இலங்கையின் திருகோணமலைக்குச் சென்று, டிசம்பர் இறுதியில் திரும்பி வந்து பாண்டிச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டார். புயல் காலம் கடந்துவிட்டது என்று அவர் எண்ணியிருக்கலாம். அது தவறாகப் போயிற்று.

அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்பவர் பின்வரும் செய்திகளைக் குறித்து வைத்திருக்கிறார். வானம் தெளிவாக இருக்கும்போதே தென்கிழக்கிலிருந்து பெரிய அலைகள் உருண்டு வரத் தொடங்கின. பின்னர் வானம் மங்கியது. 1761-ஆம் ஆண்டு பிறந்ததை ஒட்டிய இரவில் காற்று வடமேற்கிலிருந்து வலுத்தது. தலைவரின் கப்பலான நார்ஃபோக் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குப் பாய்ந்தது. "நீங்களும் வெட்டிக்கொண்டு வாருங்கள்" என்று பீரங்கி வெடித்துச் சைகை காட்டினார்கள். காற்றின் இரைச்சலில் அது மற்றவர் காதில் விழவில்லை. நள்ளிரவு நெருங்கும்போது காற்று வடகிழக்குக்குத் திரும்பி, சட்டென்று ஓய்ந்தது. சில நிமிட அமைதி. அடுத்து, முன்னினும் பன்மடங்கு வேகத்துடன் தென்கிழக்கிலிருந்து அடித்தது.

விடிந்தபோது மூன்று கப்பல்கள் மூழ்கியிருந்தன. அவற்றுடன் ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் மிகச் சிலரே. இன்னும் மூன்று கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. நிலத்தில் முற்றுகைப் படையின் கூடாரங்கள் பறந்தன. கடல் கரையைத் தாண்டி, நகரைச் சுற்றியிருந்த முள்வேலி அரண் வரை வந்து நிலத்தை மூடியது. எனினும் முற்றுகை விலகவில்லை. தப்பிய கப்பல்கள் சில நாட்களில் திரும்பி வந்தன. ஜனவரி 16-ஆம் தேதி பாண்டிச்சேரி சரணடைந்தது.

போர் வரலாறு படிப்பவர்கள் இந்த இடத்தில் ஏட்டை மூடிவிடுவார்கள். ஆனால் காற்று திசை மாறிய அந்த வரிசை, அறிவியலுக்குக் கிடைத்த ஒரு சாட்சியம். வடமேற்கு, வடகிழக்கு, அமைதி, தென்கிழக்கு - இதற்கு என்ன பொருள்? அதை அறியப் புயல் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உப்பளம் சொல்லும் பாடம்

புயலின் எரிபொருள் எது என்று அறிய மரக்காணத்து உப்பளத்துக்கே போகலாம். உப்பளத் தொழிலாளர்கள் கடலை ஒட்டிய உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காயவிடுகிறார்கள். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள்தாம் உள்ளன. ஆகவே கடல் நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்கச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். தண்ணீரை ஆவியாக்குவது எளிய வேலையன்று. 30 டிகிரி வெப்பமுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் எட்டு மடங்கு வெப்பம், அதே அளவு நீரை ஆவியாக்கத் தேவை. நீங்கள் கையில் அள்ளும் ஒவ்வொரு கிலோ உப்புக்கும், ஆயிரம் வாட் மின் இஸ்திரிப் பெட்டி இருபது மணி நேரம் வெளியிடும் வெப்பத்தைக் கதிரவன் செலவழித்திருக்கிறான்!

அந்த வெப்பம் எங்கே போயிற்று? அழியவில்லை. நீராவியினுள் மறைந்து காற்றோடு போய்விட்டது. இதனால்தான் அதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். நீராவி மீண்டும் குளிர்ந்து மேகத் துளியாக மாறும்போது அவ்வளவு வெப்பமும் வெளிப்பட்டே ஆகவேண்டும்.

உப்பளத்தில் நடப்பதே வங்கக் கடல் முழுவதிலும் நடக்கிறது. கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் வெப்பமாகவும், அவ்வெப்பம் ஐம்பது மீட்டர் ஆழம் வரை பரவியும் இருந்தால் நீராவி ஏராளமாக எழும். எங்கேனும் காற்றழுத்தம் சற்றுக் குறைந்தால் சுற்றிலுமுள்ள ஈரக்காற்று அங்கே திரளும், மேலே எழும், குளிரும், மேகமாகும். உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டு அந்தக் காற்றுத் தூணைச் சூடாக்கும். சூடான காற்று இன்னும் வேகமாக எழும். கீழே அழுத்தம் மேலும் குறையும். அதனால் மேலும் ஈரக்காற்று ஓடி வரும். எரியும் அடுப்பு தனக்கு வேண்டிய விறகைத் தானே இழுத்துக்கொள்வது போன்ற நிலை இது.

ஆனால் ஓடி வரும் காற்று நேராக மையத்துக்குச் செல்வதில்லை. பூமி சுழல்வதால் வடகோளத்தில் காற்று தன் பாதைக்கு வலப்புறமாக விலகுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வரும் காற்று இவ்வாறு விலகவே, மையத்தைச் சுற்றி ஒரு சுழல் உண்டாகிறது. வடகோளத்தில் அச்சுழல் கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராக இருக்கும். நிலநடுக்கோட்டில் இந்த விலக்கம் இல்லை. ஆதலால் ஏறத்தாழ ஐந்து டிகிரி அகலாங்குக்குள் புயல் தோன்றுவது மிக அரிது. மேலும், மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் மிக வேறுபட்ட வேகத்தில் வீசினால் மேகத் தூண் சிதைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடல் சூடாக இருந்தும் பெரும் புயல்கள் உருவாகாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

சுழலின் நடுவே 'கண்' என்னும் அமைதியான பகுதி இருக்கும். அதைச் சுற்றியுள்ள மேகச் சுவரில்தான் காற்று உச்ச வேகம் பெறும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் இந்திய வானிலை ஆய்வுத்துறை அதைப் புயல் என அறிவித்துப் பெயரிடும். 89-ஐ எட்டினால் கடும்புயல். 118-ஐ எட்டினால் மிகக் கடும்புயல்.

சுழலைக் கண்டவர்கள்

இன்று பள்ளி மாணவரும் அறிந்த இச்செய்தி 1761-இல் எவருக்கும் தெளிவாகத் தெரியாது. புயல் என்பது ஒரே திசையில் விரையும் கடுங்காற்று என்றே பலர் எண்ணினர். காற்று நடுவில் திசை மாறுவது கடலின் கொடுமை, அவ்வளவுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த கர்னல் ஜேம்ஸ் காப்பர் அப்படி விட்டுவிடவில்லை. பாண்டிச்சேரி, சென்னைப் பகுதிகளில் அடித்த பெரும் புயல்களின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1801-இல் வெளியிட்ட நூலில், இவை சுழற்காற்றுகளே என்றும், இவற்றின் குறுக்களவு 120 மைலுக்கு மேல் இராது என்றும் எழுதினார். செயற்கைக்கோளோ ராடாரோ இல்லை, தந்தியும்கூட இல்லை. மாலுமிகள் எழுதிவைத்த காற்றுத் திசைகள் மட்டுமே அவருக்கு ஆதாரம். பின்னர் அமெரிக்காவில் ரெட்பீல்டு, புயலில் சாய்ந்த மரங்கள் ஓரிடத்தில் ஒரு திசையிலும் வேறிடத்தில் எதிர்த் திசையிலும் கிடந்ததைக் கண்டு அதே முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், நூற்றுக்கணக்கான கப்பல் நாட்குறிப்புகளைத் தொகுத்து வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்தார். 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில், சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் வழங்கும் அச்சொல் வங்கக் கடலின் கரையில் பிறந்தது!

1857-இல் ஹாலந்து நாட்டின் பைஸ் பாலட் ஓர் எளிய விதியைச் சொன்னார். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வடகோளத்தில் குறைந்த அழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். தரையருகே காற்று சற்று உள்நோக்கி வளைவதால், புயல் மையம் இடக்கைக்குச் சற்று முன்னால் இருக்கும் எனக் கொள்ளலாம்.

இந்த விதியை வைத்து அந்தப் பாண்டிச்சேரி இரவை நீங்களே ஆராயுங்கள். முதலில் காற்று வடமேற்கிலிருந்து வந்தது. அதற்கு முதுகு காட்டினால் நீங்கள் தென்கிழக்கைப் பார்க்கிறீர்கள். இடக்கை வடகிழக்கைக் காட்டும். சற்று முன்னால் என்றால் கிழக்கு. புயல் மையம் கிழக்கே கடலில் இருக்கிறது! இறுதியில் காற்று தென்கிழக்கிலிருந்து வந்தது. இப்போது வடமேற்கைப் பார்த்து நில்லுங்கள். இடக்கை தென்மேற்கு, சற்று முன்னால் மேற்கு. மையம் உங்களைத் தாண்டி நிலத்துக்குள் போய்விட்டது. நடுவில் வந்த சில நிமிட அமைதி, புயலின் கண்ணோ அதன் ஓரமோ கடந்துபோன நேரம். நங்கூரத்தை நம்பி நின்றிருந்த மாலுமிகள் அவ்வமைதியில் பெருமூச்சு விட்டிருப்பார்கள். உண்மையில் புயலின் பாதிதான் முடிந்திருந்தது. புயல் நடுவே காற்று ஓய்ந்தால் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று இன்று எச்சரிப்பது இதனால்தான்.

எந்தப் பக்கம் கடல் ஏறும்?

இனி நமது முதல் கேள்விக்கு வருவோம். புயல் மேற்கு நோக்கி நமது கரைக்கு வருகிறது. நீங்களும் அதனுடன் மேற்கு நோக்கி நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் வடக்கு. இடக்கைப் பக்கம் தெற்கு. சுழல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் செல்வதால், மையத்துக்கு வடக்கே காற்று கிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வலப்பக்கத்தில் புயல் நகரும் வேகமும் காற்றின் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே வலப்பக்கக் கரையில் காற்று கடல் நீரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வரும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆனால் காற்றின் தள்ளுதலால் வரும் உயர்வே பெரிது. ஆழம் குறைந்த கடலில் அது மலைபோல் ஏறும். 1977 நவம்பர் 19-இல் ஆந்திரத்தில் நிஜாம்பட்டினம் அருகே ஒரு புயல் கரை கடந்தது. கடல் பெருமளவில் ஏறியது அதற்கு வலப்புறத்தில் இருந்த திவிசீமைப் பகுதியில்! ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்துக்கு எழுந்த நீரில் பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர்.

மரக்காணத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூர் அருகே, அதாவது தெற்கே கரை கடந்தது. மரக்காணம் வலப்பக்கத்தில் இருந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகே, வடக்கே கரை கடந்தது. மரக்காணம் இடப்பக்கம். 2020 நவம்பர் 25-ஆம் தேதி நள்ளிரவில் 'நிவர்' மரக்காணத்துக்கு அருகிலேயே கரையேறியது. ஒரே ஊர், மூன்று புயல், மூன்று நிலைகள்.

இந்த இட வலம் பற்றிய அறிவு நம் கண்முன்னே தினமும் தொங்குகிறது, நாம்தான் படிப்பதில்லை. "துறைமுகத்தில் 9-ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்று செய்தி வரும். எண் ஏற ஏறப் புயலின் வேகமும் ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்தது. ஆனால் 5, 6, 7-க்குள்ளும், 8, 9, 10-க்குள்ளும் வேறுபாடு வேகத்தைப் பற்றியதன்று, பக்கத்தைப் பற்றியது. 5 அல்லது 8 என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம். 6 அல்லது 9 என்றால் வலப்பக்கம். 7 அல்லது 10 என்றால் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும். நமது கிழக்குக் கரையில் 9-ஆம் எண் கூண்டு சொல்வது இதுதான்: "கடல் உன்னை நோக்கி வரும்."

காற்று குறைந்தால் கவலை இல்லையா?

இடப்பக்கம் இருந்துவிட்டால் தப்பித்தோம் என்று எண்ணிவிடக் கூடாது. மழைக்கு இடம் வலம் இல்லை. மேலும், மழையின் அளவு காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. புயல் எவ்வளவு நேரம் ஓரிடத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது.

2020-இன் நிவர் மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் வந்த மிகக் கடும்புயல். 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த 'ஃபெஞ்சல்' புயலின் காற்று 70 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆனால் அது கரையேறியபின் புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. பெருமுக்கலுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஏக்கர் நிலத்தின் மீது இருபது லட்சம் லிட்டர் தண்ணீர்! விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று.

உப்பளத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிழக்கே கடல், மேற்கே நிலத்தின் வெள்ளம் எல்லாம் வந்து சேரும் தாழ்வெளி. உப்பு விளைய, போமே மானியில் மூன்றரை டிகிரி அளவுள்ள கடல் நீர் 25 டிகிரி வரை செறிவு பெற வேண்டும். ஒரு நாள் மழை அதைக் கரைத்து முன்போலாக்கிவிடும். வரப்புகள் உடையும், பாத்திகளில் சேறு படியும், ஓலை வேய்ந்து காத்த உப்புக் குவியலும் கரையும். வயலுக்கு மழை ஓரளவேனும் நன்மை செய்யும். உப்பளத்துக்கு அது வேலையின்மை. வெயில் திரும்பி, சேற்றை வாரி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மீண்டும் முதல் உப்பை வாரும் வரை அக்குடும்பங்களுக்குக் கூலி இல்லை. கடலிலிருந்து நீராவியாகச் சென்ற வெப்பமே, புயலாகத் திரும்பி வந்து அதே உப்பைக் கரைத்துவிடுகிறது!

புயலைத் தடுக்கும் ஆற்றல் இன்று நமக்கு இல்லை. ஆனால் 1761-இன் மாலுமிகளுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. செயற்கைக்கோள் அதைப் பிறப்பிலேயே காட்டுகிறது; ராடார் அதன் கண்ணைக் காட்டுகிறது. எனினும் அந்த அறிவு மக்கள் மொழியில் வந்து சேராவிட்டால், காற்றிரைச்சலில் காதில் விழாத பீரங்கி ஒலிபோல அதுவும் வீணே.

அடுத்த முறை புயல் அறிவிப்பு வரும்போது ஒரு வரைபடத்தை எடுங்கள். கரை கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கடலிலிருந்து அப்புள்ளிக்கு ஓர் அம்பு வரையுங்கள். உங்கள் ஊர் அம்பின் இடமா, வலமா என்று பாருங்கள். வலம் என்றால், கடலோரத்தில் வாழும் உங்கள் உறவினருக்கும் நண்பருக்கும் உடனே சொல்லுங்கள்: மேட்டுக்கு வந்துவிடுங்கள், காற்று ஓய்ந்ததும் திரும்பிப் போகாதீர்கள். 1,100 பேர் உயிர் கொடுத்த பாடத்தைப் படிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.